கைக்குட்டையில் கறுப்புக் கல்

மூன்றாவது சாவிக்குத்தான் பூட்டு இணங்கியது. பெரியவர் அலமாரியின் கண்ணாடிக் கதவைப் பிடித்து இழுத்தார். விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருந்ததால் கதவு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் வந்தது.

அறைக்குள் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அலமாரியின் உச்சியில் முனகிக்கொண்டிருந்த சின்ன விசிறியை நிறுத்தியது. அலமாரிக்குள் இருக்கும் காற்றை ஒரு குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளுவதற்குத் தம்பி வைத்த விசிறி அது. கற்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வாயு கசியும், அது வீட்டுக்குள் தங்கக் கூடாது என்று சொல்வான். இரவும் பகலும் ஓடும். தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது பின்னறையில் ஒன்று ராகம் இழுத்துக்கொண்டிருப்பது பெரியவருக்கு மரியாதையாகப் படவில்லை.

அலமாரியில் தட்டுத் தட்டாகக் கற்கள். எலுமிச்சை நிறத்தில் செதில் செதிலாக ஒன்று. பாசிப் பச்சையில் பொடிப்பொடிச் சதுரங்களாக ஒன்று. உருகி வழிந்த மெழுகு போல ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் மூடி போட்ட தனிப் பெட்டிக்குள், பெட்டியின் நெற்றியில் மஞ்சள் சீட்டோடு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. எல்லாமே கதிர்வீச்சு உள்ள கற்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்த ஒரு மனிதன் எதற்காக இவற்றைத் தேடித் தேடி வாங்கினான் என்பது பெரியவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. கேட்டால், "அழகா இருக்கில்ல அண்ணே," என்பான்.

பெரியவர் வந்தது ஒரே ஒரு கல்லுக்காக. அடித்தட்டில், கடைசி மூலையில், ஈயத் தகட்டுத் தடுப்புக்குப் பின்னால் அது இருந்தது. மற்றவை போல மினுங்காது. தாரைப் பிசைந்து உருட்டி வைத்தது போலக் கறுப்பாக, ஒரு கைப்பிடி அளவில் இருக்கும். பெட்டியோடு தூக்கினால் பார்க்கிறவர்கள் கண்ணில் படும் என்று பெட்டியைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார். எடுத்ததும் கை சற்றுக் கீழே இறங்கியது. பார்வைக்குத் தெரிந்ததைவிடக் கனம் அதிகம்.

வீட்டில் அந்தக் கல்லுக்கு ஒரு பெயர் இருந்தது. தம்பி மகள் சின்னவளாக இருந்தபோது வைத்தது. "பெரியப்பா." பக்கத்தில் போகக் கூடாது, தூர நின்று மரியாதையாகப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பதால் அந்தப் பெயர். இது தனக்குத் தெரியும் என்பதைப் பெரியவர் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். தேய்த்த மடிப்பு நாலும் கத்தி போல நின்றன. நீதிமன்ற அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், ஓய்வு பெற்ற பின்னும், வெள்ளைக் கைக்குட்டை இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. சட்டையைக் கால்சட்டைக்குள் செருகாமல் அவரைப் பார்த்தவர்களும் இல்லை. கல்லைக் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டார்.

அலமாரிக் கதவில் தம்பியின் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையுறை போடு. ஜன்னலைத் திற. இங்கே எதையும் தின்னாதே. போகும்போது கை கழுவு. அலமாரிக்கு முன்னால், நன்றாகத் தள்ளி, தரையில் ஒரு சிவப்புக் கோடு. பார்க்க வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். பெரியவர் கோட்டுக்கு இப்பால் நின்று காகிதத்தைப் படித்தார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினார்.

காலையில் சம்பந்தி போனில் பேசியதுதான் இத்தனைக்கும் காரணம்.

தம்பிக்கு ஒரே மகள். இப்போது அந்த வீட்டு மருமகள்; ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். முந்தின நாள் மாலை, கடையில் யாருக்கோ கண்ணாடிச் சட்டத்தின் திருகைப் பொருத்திக்கொண்டிருந்தபோதே தம்பி மேசையில் சாய்ந்துவிட்டான். இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊர் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. பொழுது விடிவதற்குள் பக்கத்துத் தெரு வரைக்கும், கண்ணாடிக்காரரைக் கல் கொண்டுபோய்விட்டது என்று பேச்சு போயிருந்தது.

"மருமகளக் கூட்டிட்டு வரேன். ஆனா வீட்டுக்குள்ள விட மாட்டேன்," என்றார் சம்பந்தி. "பாடிய வாசல்ல கொண்டு வந்து வைங்க. பாத்துட்டுப் போயிடட்டும்."

"எங்க குடும்பத்துல யாரையும் தெருவுல போட்டுக் காட்டினது இல்ல."

"எங்க குடும்பத்துல யாரும் வீட்டுக்குள்ள விஷத்த வச்சுக் கண்ணாடி போட்டு அழகு பாத்ததும் இல்ல."

பெரியவர் போனை வைத்தார். தெருவில் கிடத்தி, அந்நியர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்று பார்க்கிற பிணமாகத் தன் தம்பி போவதா? அவர் இருக்கும்வரை அது நடக்காது. அதே சமயம் பொய் சொல்லவும் அவர் தயாரில்லை. அந்தக் கறுப்புக் கல் இந்த வீட்டில் இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லும்போது அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கல்லைக் கொண்டுபோய்த் தன் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டால் போதும். மற்ற கற்களைச் சம்பந்திக்குப் பெரிதாகத் தெரியாது. அவர் மனதில் நிற்பது இந்த ஒன்றுதான்.

நின்றதற்குக் காரணம் தம்பியேதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தியைக் கோட்டருகே நிறுத்தி, கையடக்கமான அந்த மீட்டரைக் காட்டினான். கதிர்வீச்சைக் கண்டால் டிக் டிக் என்று அடிக்கிற கருவி. கல்லின் அருகே கொண்டுபோனபோது அது சட்டியில் கடுகு வெடிப்பது போலப் பொரிந்து தள்ளியது. கோட்டுக்கு வந்தபோது அடங்கிவிட்டது. "பாத்தீங்களா, இங்க வந்தா ஒண்ணுமில்ல. தூரம்தான் மருந்து," என்றான். சம்பந்திக்குப் பொரிந்தது மட்டும்தான் காதில் நின்றது. போதாக்குறைக்கு, நிச்சயத்துக்குப் போனபோது, கிரானைட் வியாபாரியான சம்பந்தியின் பளபளக்கும் வாசற்படியில் அதே மீட்டரை வைத்துப் பார்த்து, "உங்க படி எங்க வீட்டுக் கூடத்தவிட ஒரு மடங்கு ஜாஸ்தி காட்டுது. பயப்பட வேண்டாம், கிரானைட்டுன்னா அப்படித்தான்," என்று சிரித்தான். அன்றைக்குப் பெரியவருக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. சம்பந்தி அதை இன்றுவரை மறக்கவில்லை.

முடிச்சை உடம்போடு அணைத்துக்கொண்டு பெரியவர் கூடத்துக்கு வந்தார். வாடகைக்கு எடுத்துப் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீளமான மர பெஞ்சில் தம்பி. இருபுறமும் தரை தொடும்படி வெள்ளை விரிப்பு. முகத்தில் அவனுடைய தடித்த சட்டத்துக் கண்ணாடி. கழற்றலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அது இல்லாம அவர எனக்கே அடையாளம் தெரியாது," என்று தம்பியின் மனைவி சொல்லிவிட்டாள்.

கூடத்தின் பாதியைக் கடந்திருப்பார். தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொன்ன சம்பந்தி இப்போதே வாசற்படியில் நின்றார்.

கையில் முடிச்சோடு அவரைத் தாண்டிப் போக முடியாது. திரும்பிப் போனாலும் எல்லோரும் பார்ப்பார்கள். பெரியவர் தலைமாட்டுப் பக்கம் குனிந்து, விரிப்பைச் சரிசெய்கிறவர் போல அதன் ஓரத்தைத் தூக்கி, முடிச்சைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். பிறகு நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனார்.

"உள்ள வாங்க சம்பந்தி."

"இருக்கட்டும்." சம்பந்தி படியை விட்டு நகரவில்லை. தெருமுனையில் நின்ற காரைக் கண்ணால் காட்டினார். "மருமக கார்லதான் உக்காந்திருக்கு. ராத்திரியெல்லாம் அழுதுட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்கல. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. வயித்துல இருக்கறது எங்க வீட்டுப் பேரக் குழந்த. அதுக்கு நான்தான பொறுப்பு?"

"அவ அப்பன் முகத்தப் பாக்கறதுக்கு அவளுக்குத் தெருவுல நிக்கணும்னு தலையெழுத்தா?"

"அந்தக் கறுப்புக் கல்லு இன்னும் உள்ளதான இருக்கு?"

பெரியவர் தயாராக வைத்திருந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. வீட்டில் இல்லை என்பது இப்போது பொய். ஒரு சொல்லை மாற்றினார்.

"அலமாரியில இல்ல. நானே பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் ஜாதி அவருக்குத் தெரிந்தது. நீதிபதிக்குக் கீழே, தாழ்ந்த மேசையில் உட்கார்ந்து, கூண்டில் நின்றவர்கள் இப்படிப் பேசுவதை எத்தனை வருஷம் கேட்டிருக்கிறார். ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது. அப்படிப் பேசுகிறவர்களின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

சம்பந்தி கொஞ்சம் இளகினார். "சரி. நீங்க சொன்னா நம்பறேன். உங்க வாக்கு மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா மத்த கல்லெல்லாம் இருக்கில்ல? அத்தன வருஷம் இருந்த வீடு. சுவத்துலயே ஊறியிருக்காதா?"

"ஊறாது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தம்பியின் மனைவி. அழுது வீங்கிய முகம். ஆனால் நடை தெளிவாக இருந்தது. கையில் மீட்டர்.

"உங்களுக்கு இது ஞாபகம் இருக்கும் அண்ணே," என்றாள் சம்பந்தியைப் பார்த்து. "வாரா வாரம் வீடு பூரா வச்சுப் பாப்பாரு. படுக்கை, அடுப்படி, இந்தக் கூடம், எல்லாத்தையும். அலமாரிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யார் வீடும் கிடையாது, வெறும் சந்து. அதுக்காகவே அந்த அறைய எடுத்தாரு. பாப்பா மாசமா இருக்கான்னு தெரிஞ்சப்புறம் அவ உக்கார்ற நாற்காலியக்கூட விடல. நான் வாயால சொல்லல. நீங்களே கேளுங்க."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்," என்றுதான் வந்தது.

"இப்பதான் மாமா வேணும்," என்றாள் அவள்.

பொத்தானை அழுத்தினாள். சம்பந்தியின் காலடியில், படியருகே பிடித்தாள். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. "இது எந்த ஊர்லயும் இருக்கறது. மண்ணுல, காத்துல, நம்ம உடம்புல," என்றாள். கணவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறாள் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது. கதவு நிலையருகே பிடித்தாள். அதே மாதிரி. நாற்காலிகளின் வரிசையைத் தாண்டினாள். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். சம்பந்தி, தன்னை அறியாமலே, படியேறிக் கூடத்துக்குள் இரண்டடி வந்திருந்தார்.

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார்.

அவள் பெஞ்சின் தலைமாட்டுக்குப் போனாள். மீட்டர் வேகம் பிடித்தது. ஒரு நிமிஷம் அது கெட்டுவிட்டது என்று நினைத்தவள் போல அதைத் தட்டிப் பார்த்தாள். கணவனின் முகத்தருகே கொண்டுபோனாள். அது பொரிந்து தள்ளியது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வெளியே போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "உடம்புலயே ஏறியிருக்கு."

தம்பியின் மனைவி மீட்டரை அணைத்தாள். அதைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது. கணவனைப் பார்த்தாள். அழுகிற பார்வை அல்ல. கடையில் கள்ள நோட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்த ஒருத்தி நோட்டைப் பார்ப்பது போன்ற பார்வை.

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தாரே," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

சம்பந்தி கார் சாவியைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். "இதுக்கு மேல நான் என்ன பேசறது? நல்லவேள, உள்ள கூட்டிட்டு வரல. முகத்த போன்ல காட்டிக்கறோம்." படியை நோக்கித் திரும்பினார்.

பெரியவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வண்டி வரும், தம்பியை எடுப்பார்கள், கூடம் காலியானதும் முடிச்சை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரன் கல்லால் செத்தான் என்று ஊர் சொல்லும். அதைத்தான் ஏற்கெனவே சொல்கிறது. அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்குள் வராமல் போவாள். இவள், இந்த மனைவி, மீதிக் காலம் முழுக்கத் தன் புருஷனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருப்பாள். பேசினால் போகப்போவது ஒரே ஒரு ஆளின் மரியாதை.

"சம்பந்தி, நில்லுங்க."

அந்தக் குரலுக்கு நீதிமன்றத்தில் கூட்டம் அடங்கும். சம்பந்தியும் நின்றார்.

பெரியவர் பெஞ்சருகே போய், ஒரு கையைத் தம்பியின் தோளருகே ஊன்றி, ஒரு முழங்காலை மடக்கினார், பிறகு மற்றதை. எலும்பு சொடுக்கியது. விரிப்பைத் தூக்கி, உள்ளே கைவிட்டுத் துழாவி, வெள்ளை முடிச்சை எடுத்தார். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. யாரும் கை கொடுக்கவில்லை. அவருக்குக் கை கொடுத்து யாருக்கும் பழக்கமில்லை.

"அவன் இல்ல," என்றார். "இது. நான்தான் கொண்டு வந்து வச்சேன்."

தம்பியின் மனைவி முடிச்சைப் பார்த்தாள். அவளுக்கு அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"அலமாரியில இல்லன்னு சொன்னீங்க," என்றார் சம்பந்தி.

"அலமாரியில இல்ல. இங்க இருந்தது."

பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். சம்பந்தியின் முகம் சிவந்தது.

"உங்க வாக்க நம்பி நான் உள்ள கால வச்சிருக்கேன். இத்தன ஜனம் உக்காந்திருக்கற இடத்துல, செத்தவன் தலமாட்டுல... பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?"

பெரியவர் பதில் சொல்வதற்கு முன் முதுகை நிமிர்த்தினார்.

"இல்ல," என்றார்.

சம்பந்தி அடுத்த வார்த்தைக்கு வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டார். இந்த மனிதரிடமிருந்து இந்தச் சொல் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"மாமா, அதக் கையில வச்சிட்டு நிக்காதீங்க," என்றாள் தம்பியின் மனைவி. "நெஞ்சோட அணைக்காதீங்க. தள்ளிப் பிடிங்க. இன்னும் தள்ளி. வாங்க."

பெரியவர் கையை முன்னால் நீட்டி, முடிச்சின் காதைப் பிடித்துக்கொண்டு, செத்த எலியைக் கொண்டுபோகிறவர் போலக் கூடத்தின் நடுவே நடந்தார். நாற்காலிகள் இருபுறமும் நகர்ந்தன.

அவள் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் ஜன்னல். கொக்கியில் கையுறை. கல்லை அதன் பெட்டிக்குள் வைத்து மூடி. ஈயத் தடுப்புக்குப் பின்னால். வலது பக்கம் இல்லை, இடது மூலை. அவர் சொன்னபடி செய்தார். கதவைச் சாத்தும்போது ரப்பர் பட்டை ஒரு பெருமூச்சு விட்டு ஒட்டிக்கொண்டது. பூட்டினார்.

கைக்குட்டையின் நடுவில், கல் உரசிய இடத்தில், பென்சில் தூள் போலக் கறுப்பாக ஒரு தடம். பழக்கத்தில் நாலாக மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க. உதறிடாதீங்க. அந்தத் தகர டின்னு இருக்கு பாருங்க, அதுல போட்டு மூடுங்க. தொடச்ச துணி, பழைய கையுறை எல்லாம் அவரு அதுலதான் போடுவாரு."

"துவைச்சாப் போயிடும்மா."

"வேண்டாம் மாமா. போட்டுடுங்க."

போட்டார். கையுறையைக் கழற்றி அதையும் போட்டார். மூடியை அழுத்தினார்.

அவள் அலமாரியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேன நீங்கதான் நிறுத்தினீங்களா?"

"சாவு வீட்ல அந்தச் சத்தம் எதுக்குன்னு..."

"கொஞ்ச நேரமாவே வீடு என்னமோ மாதிரி இருந்துச்சு," என்றாள் அவள். "அவரு இல்லாததாலன்னு நெனச்சிட்டிருந்தேன். போட்டுடுங்க."

அவர் விசையை அழுத்தினார். விசிறி ஒரு முறை தடுமாறி, பிறகு தன் பழைய முனகலைப் பிடித்துக்கொண்டது. அவள் தலையை லேசாகச் சாய்த்து, அது சீராகும்வரை கேட்டாள்.

அறைக்கு வெளியே ஒரு குழாய். அதன் கீழ் ஒரு சோப்பு, நகம் தேய்க்கிற பிரஷ். சோப்பு நடுவில் தேய்ந்து படகு போல வளைந்திருந்தது. பெரியவர் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். நகக்கண்களில் பிரஷ் போட்டார். துடைத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கையை உதறிக்கொண்டு நின்றபோது, "காட்டுங்க," என்றாள் அவள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். அவள் மீட்டரை அவற்றின் மேல் மெல்ல நகர்த்தினாள். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். புறங்கையைத் திருப்பச் சொன்னாள். திருப்பினார். சட்டையின் முன்பக்கத்திலும், அதன் ஓரம் வரை, காட்டிப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

கூடத்தில் சம்பந்தி நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அவருக்குப் பக்கத்தில் போய் மீட்டரை நீட்டினாள். "நீங்களே பிடிங்கண்ணே."

அவர் வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு வாங்கிக்கொண்டார். படியிலிருந்து தொடங்கினார். நிலை, நாற்காலி வரிசை, பெஞ்சின் கால்மாடு. தலைமாட்டுக்கு வந்தபோது கையைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துக்கொண்டார். மீட்டர் தன் பாட்டுக்கு, எதையும் நினைத்துக்கொள்ளாமல், ஒன்றும் ஒன்றும் இரண்டுமாக அடித்தது. குனிந்து பெஞ்சின் அடியில் பிடித்தார். இறந்தவனின் கைமேல் பிடித்தார். நெற்றிமேல் பிடித்தார். அடித்தது வாசற்படியில் அடித்தது போலத்தான்.

"எங்க வீட்டுப் படி இதவிட ஜாஸ்தின்னு ஒரு தரம் சொன்னாரு," என்றார் மெதுவாக.

"சொல்லியிருக்க வேண்டியதில்ல," என்றார் பெரியவர்.

"உண்மைதான். பின்னால நானும் ஒரு ஆள வச்சுப் பாத்தேன்." மீட்டரை அணைத்து அவளிடம் கொடுத்தார். பெரியவரின் முகத்தைப் பார்க்காமலே வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

வெளியே போய் நின்ற பெண் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மகள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நிலையருகே ஒரு நொடி நின்றாள். அவள் இந்த வீட்டுக்குள் வந்து மாதக்கணக்காகிறது. தாய் போய் அணைத்துக்கொண்டாள். பெஞ்சுக்கு வந்ததும் மகளுக்கு யாரோ நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவர் தலைமாட்டில், எதிர்ப்பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பின்னறையிலிருந்து விசிறியின் முனகல் வந்துகொண்டிருந்தது. மகள் அந்தத் திசையில் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அப்பாவிடம் வந்தாள்.

"அம்மா, அப்பா கண்ணாடி அழுக்கா இருக்கு."

பூவிலிருந்து தெறித்த தண்ணீர் இடது கண்ணாடியில் காய்ந்து வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது. வலது கண்ணாடியில் யாருடைய விரல் ரேகையோ. கடைக்கு வருகிறவர்களின் கண்ணாடியைக் கேட்காமலே வாங்கித் துடைத்துக் கொடுக்கிற மனிதன் அவன்.

அவள் தாயிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் எதையாவது துடைக்க வேண்டுமென்றால், மூக்கானாலும் முட்டிக்காலானாலும், அவள் சின்ன வயதிலிருந்து யாரிடம் கேட்பாளோ அவரிடம் கேட்டாள்.

"பெரியப்பா, கைக்குட்டை குடுங்க."

பெரியவரின் வலது கை கால்சட்டைப் பைக்குப் போயிற்று. உள்ளே போய், அங்கேயே நின்றது. தம்பியின் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சம்பந்தி நிலையருகே நின்று பார்த்தார். நாற்காலிகளில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

அவர் கையை வெளியே எடுத்தார். இடுப்புவாரை ஒட்டி விரலை நுழைத்து, செருகியிருந்த சட்டையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். கசங்கிய அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தம்பியின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். வாயருகே கொண்டுபோய் ஊதினார். இடது கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வலதை. வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். விளிம்பில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் துடைத்தார்.

கண்ணாடியை மாட்டிவிட்டு, காதருகே சட்டத்தை நேராக்கினார். நிமிர்ந்து, முன்போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சட்டை வெளியே தொங்க நின்றார்.